எந்த அலி, எந்த டைசன்?

தலவாக்கலை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அக்காவும் பிள்ளைகளும் நலம். நீ கடைசியாக அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் பல தடவை கேட்டோம். குத்துச்சண்டையில் 1988ஆம் ஆண்டின் மைக் டைசனுக்கு முன்னால் எந்த வயது முகமது அலியும் ஆறு சுற்றுக்கு மேல் நின்றிருக்க முடியாது என்று அடித்துச் சொல்லியிருந்தாய். அதே பதிவின் கடைசியில், போகிற போக்கில், வருகிற மாதம் உனக்கும் ஒரு போட்டி ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்றாய். அதன் பிறகு சில ஞாயிறுகளாக உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. இரண்டாவது விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. முதலாவது விஷயத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வராததால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எந்த அலி என்பதைத் தீர்மானிக்க வேண்டும். உன் மனத்தில் இருப்பவர், 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி கின்ஷாசாவில் குத்துச்சண்டை வளையத்தின் கயிற்றில் சாய்ந்து நின்று ஜோர்ஜ் ஃபோர்மனின் அடிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்திய அலி. அதற்காக உன்னைக் குறை சொல்ல முடியாது. தாத்தா தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராச் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படம் அந்தச் சண்டையினுடையது. தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் நம் மக்கள் தவித்த காலம் அது. ஆனாலும் அந்தப் படத்தை அடுப்புப் புகை முழுவதும் கறுப்பாக்கும் வரை யாரும் கழற்றவில்லை. ஃபோர்மன் சுழன்று விழுந்துகொண்டிருக்கிறார். அலியின் வலக் கை இன்னொரு குத்துக்குத் தயாராக இருந்தும் அதை எறியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது பெரிய வெற்றிதான், ஆனால் அது அலியின் உச்சம் இல்லை. அப்போது அவருக்கு வயது 32. கால்கள் பழையபடி ஓடியிருந்தால் அவர் எதற்காகக் கயிற்றில் சாய்ந்து அடி வாங்க வேண்டும்?

உச்சத்து அலியைப் பார்க்க வேண்டுமானால் 1966 நவம்பர் 14ஆம் திகதி ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸுடன் நடந்த சண்டையைப் பார். வயது 24. பின்னால் நகர்ந்துகொண்டே அடிக்கிறார். எதிராளியின் கை நீளும்போது தலை அங்கே இல்லை. மூன்றாவது சுற்றில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஸோரா ஃபோலியை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். ஏப்ரல் 28ஆம் திகதி வியட்நாம் போருக்கான படைச் சேர்ப்பை மறுத்தார். பட்டத்தையும் சண்டையிடும் அனுமதியையும் பறித்துக்கொண்டார்கள். மறுபடியும் வளையத்துக்குள் வந்தது 1970 ஒக்டோபர் 26ஆம் திகதி, அட்லாண்டாவில், ஜெரி குவாரிக்கு எதிராக. 25 வயதிலிருந்து 28 வரையான காலம், ஒரு குத்துச்சண்டை வீரனுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த காலம், அவருக்கு இல்லாமலே போயிற்று. அலியின் உச்சத்தை உலகம் முழுதாகக் கண்டதே இல்லை என்பது என் கட்சி.

இனி உன் டைசன். அவருக்குரிய மரியாதையை நான் குறைக்க மாட்டேன். 20 வயதில், 1986 நவம்பர் 22இல், ட்ரெவர் பேர்பிக்கை இரண்டாவது சுற்றில் சாய்த்து, மிகக் கூடிய எடைப் பிரிவான ஹெவிவெயிட் வரலாற்றிலேயே மிக இளைய சம்பியனானவர். 1988 ஜூன் 27ஆம் திகதி, அதுவரை தோல்வியே காணாத மைக்கல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் முடித்தவர். இரண்டு கைகளையும் கன்னத்தோடு ஒட்டி வைத்து, தலையைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டிக்கொண்டு, நெடிய எதிராளியின் ஜாப் என்கிற நேர்க் குத்துக்குக் கீழே நுழைந்து, முதலில் விலாவிலும் உடனே தாடையிலும் இறக்குகிற அந்த வேகத்தை அவருடைய எடையில் வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. உயரம் 5 அடி 10 அங்குலம்தான். அந்தக் குள்ளத்தையே ஆயுதமாக்கிக்கொண்டவர்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஜோ ஃபிரேசியரும் குள்ளமானவர்தான், குனிந்து நுழைந்தவர்தான், 1971 மார்ச் 8ஆம் திகதி 15ஆவது சுற்றில் இடது ஹூக்கால், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தால், அலியைத் தரையில் கிடத்தி வென்றவர்தான். ஃபிரேசியரை விட வேகமான டைசன் அதை முன்னதாகவே செய்திருப்பார் என்பாய். உன்னுடைய வாதங்களில் இதுதான் பலமானது. 1963இல் ஹென்றி கூப்பரும் அலியை விழுத்தியது இடது ஹூக்கால்தான் என்பதையும் நானே உனக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தே தப்பிவிடலாம் என்று நம்பினார். நீயும் அப்படியே வைக்கிறாய். அக்காவுக்கு நீ அனுப்பிய காணொளியில் பார்த்தேன். வலக் கையைத் தாடைக்குப் பக்கத்தில் வை. சிறு வயதிலும் இதையேதான் உன்னிடம் சொன்னேன்.

ஆனால் 1966இன் அலி அந்த ஹூக் வரும் இடத்தில் நின்றுகொண்டிருக்க மாட்டார். 1986இல் ஜேம்ஸ் டில்லிஸ் கால்களை நம்பி, டைசனுக்கு எதிராகப் பத்துச் சுற்று நின்றார். 1987இல் டோனி டக்கர் பன்னிரண்டு சுற்றும் நின்றார். அவர்கள் நல்ல வீரர்கள், அலிக்கு ஈடானவர்கள் அல்லர். நெருங்கி வந்த ஃபிரேசியரின் பிடரியில் கை போட்டு இழுத்து அணைத்து அவருடைய வேலையைக் கெடுத்ததை 1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது சண்டை முழுவதும் அலி செய்து காட்டினார். முதல் மூன்று சுற்றில் டைசன் அவரைக் கட்டாயம் ஒரு தடவை கலங்கடிப்பார், விழுத்தவும் கூடும். அதன் பின் ஜாப், நகர்வு, அணைப்பு, மீண்டும் ஜாப். ஏழாவது சுற்றில் டைசனின் தலை ஆட்டம் குறையும். பத்தாவது அல்லது பதினோராவது சுற்றில் நடுவர் நிறுத்துவார். அலிக்கே வெற்றி. 1974இன் அலி என்றால் உன் பக்கம் சாய்வேன், அதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஃபோர்மன் இறந்த செய்தி வந்த நாளில், அவரும் டைசனும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று நீ கேட்ட மற்றக் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1973இல் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு தடவை விழுத்திய ஃபோர்மனுக்கு, முன்னோக்கியே வரும் குள்ளமான வீரன் நல்ல இரை. டைசன் தோற்பார்.

அலியையும் டைசனையும் மோத வைத்து நீ அனுப்பிய கணினி விளையாட்டின் முடிவை நான் ஏற்கவில்லை. இது புதிய வித்தையும் இல்லை. 1969இல் அலியையும், 49 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற ரொக்கி மார்சியானோவையும் ஓர் அரங்கில் மோத வைத்துப் படம் பிடித்து, முடிவைக் கணினி சொல்லும் என்றார்கள். மார்சியானோ எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய் முடி வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் காட்டியபோது 13ஆவது சுற்றில் மார்சியானோ வென்றதாக இருந்தது. வேகம், பலம், உயரம் எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் போடலாம். ஒரு சுற்று முடிந்து வந்து உட்காரும்போது யார் தண்ணீர் கொடுக்கிறார், என்ன சொல்கிறார் என்பதை எந்த எண்ணாக்கிப் போடுவார்கள்?

டைசனின் உச்சம் ஏன் அவ்வளவு குறுகியது என்று யோசித்துப் பார். அவரை உருவாக்கிய கஸ் டமாட்டோ 1985 நவம்பரில், சம்பியன் பட்டத்தைப் பார்க்காமலே காலமானார். டமாட்டோவின் வழியில் பயிற்றுவித்த கெவின் ரூனியை 1988இல் டைசன் விலக்கினார். 1990 பெப்ரவரி 11ஆம் திகதி டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவருடைய கண்ணை வீங்க வைத்தபோது, வீக்கத்தை அழுத்துகிற குளிர்ந்த இரும்புகூட, சுற்றுகளுக்கு நடுவே உதவியாளர்கள் கவனிக்கும் அவருடைய மூலையில் இல்லை. ரப்பர் கையுறை ஒன்றில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள். பத்தாவது சுற்றில், விழுந்த இடத்தில் பற்கவசத்தைத் தேடி எடுத்து, ஒரு முனை வெளியே தொங்கக் கடித்துக்கொண்டு எழ முயன்றார். அவருக்கு அப்போது 23 வயது. வயது அவரைக் கைவிடவில்லை, மகனே. மூலையில் ஆளில்லை.

அலிக்கு நேர்ந்தது இதை விடக் கொடியது. 1977இல் ஏர்னி ஷேவர்ஸுடன் 15 சுற்று நின்று வென்ற பின், அவருடைய வைத்தியர் ஃபேர்டி பச்சேகோ பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, சிறுநீரகங்கள் பழுதாகி வருகின்றன, இனிப் போதும் என்று அலிக்கும் அவரைச் சூழ இருந்தவர்களுக்கும் எழுதினார். எவரும் பதில் எழுதவில்லை. அவர் விலகிக்கொண்டார். 1980 ஒக்டோபர் 2ஆம் திகதி, தன்னிடம் முன்பு பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் அலி பத்துச் சுற்று அடி வாங்கினார். தன் குருவை அடிக்க மனமில்லாத ஹோம்ஸ், சண்டையை நிறுத்தச் சொல்லி நடுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தார். அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்திய பின்னும் அலிக்குப் போதவில்லை. அடுத்த ஆண்டு, பின்னர் உன் டைசன் இரண்டே சுற்றில் முடித்த அதே பேர்பிக்கிடம் போய்த் தோற்றார். 1984இல் பார்க்கின்சன் என்றார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் தீபம் ஏற்றியபோது, நீ தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நின்று, அவருக்குக் குளிருகிறதா என்று கேட்டாய். நான் ஆம் என்றேன்.

ஃபோர்மன் 45 வயதில் மைக்கல் மூரரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டாரே, எனக்கு 35கூட ஆகவில்லையே என்று சொல்லாதே. நடுவில் பத்து ஆண்டுகள் அவர் ஓர் அடியும் வாங்காமல் இருந்தவர். நீ பகல் முழுவதும் ஹோட்டல் களஞ்சியத்தில் மூட்டை சுமந்துவிட்டு இரவில் கையுறை மாட்டுகிறாய். வீட்டுக்குக் கூரை போட்டதும் சின்னவளின் படிப்பும் அந்தச் சுமையிலிருந்து வந்தவை என்பதை இந்தத் தோட்டத்தில் யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்கிறேன். ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டிக்கு உன் பாடசாலை உன்னைக் கொழும்புக்கு அனுப்பிய காலத்திலும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அம்மாவை இப்படிக் காத்திருக்க வைப்பது உனக்கு அழகில்லை. கடைசி வீடியோ அழைப்பில், பாட்டியின் திவசம் எப்போது என்று அவளிடம் கேட்டாய், அவள் சொன்னாள், சிறிது நேரத்தில் முன்பு கேட்காதவன் போல் மறுபடியும் கேட்டாய். தேநீர்க் கோப்பையை இடக் கையால் எடுத்தாய். வலக் கை மேசைக்கு மேலே வரவே இல்லை. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் கொழுந்துக் கூடைக்காரியைப் போல் முதுகு குனிந்தே நடந்தாள்.

1975 ஒக்டோபர் 1ஆம் திகதி மனிலாவில் 14ஆவது சுற்று முடிந்து ஃபிரேசியர் வந்து உட்கார்ந்தபோது, வலக் கண் ஏறக்குறைய மூடியிருந்தது. இடக் கண்ணில் அவருக்கு ஏற்கெனவே பார்வை குறைவு. இன்னும் ஒரே ஒரு சுற்றுத்தான். ஃபிரேசியர் எழுந்து போகவே விரும்பினார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரைப் போக விடவில்லை. நீ இன்று செய்ததை உலகம் மறக்காது என்று சொல்லி உட்கார வைத்துச் சண்டையை முடித்தார். சம்பியன் பட்டத்துக்கும் ஃபிரேசியருக்கும் நடுவில் மூன்று நிமிடம் இருந்தபோது அதைச் செய்தார். உச்சக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களை எல்லாம் வரிசைப்படுத்தி நீயும் நானும் இன்னும் இருபது வருடம் வாதாடலாம். அந்தப் பட்டியலில் நான் முதலில் எழுத விரும்பும் பெயர் ஃபட்ச்சினுடையது.

ஆகையால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது டைசனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. கூடவே, வருகிற மாதம் உன் மூலையில் நிற்கப் போகிறவர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன, நீ மறுத்தாலும் நிறுத்துகிற அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறாயா என்று எழுது. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அக்கா பேசுவாள். அதற்கு முன்பாக ஒரு வைத்தியரிடம் தலையைக் காட்டி, அவர் தருகிற துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. பணம் பிந்தினாலும் பரவாயில்லை. அது முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
அப்பா