15 வயதில் என்ன முன்விரோதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்துக்கு வருகிற வாசகன் நான். கொஞ்ச காலமாக நடுவில் மாவட்டச் செய்திகளிலேயே கண் நின்றுவிடுகிறது. 'பள்ளி மாணவர்கள் மோதல்', 'பேருந்து நிலையத்தில் கைகலப்பு', 'பத்தாம் வகுப்பு மாணவருக்குக் கத்திக்குத்து'. எதை எடுத்தாலும் உள்ளே தவறாமல் ஒரு சொல் இருக்கும்: 'முன்விரோதம் காரணமாக'. 15 வயதுப் பையனுக்கு என்ன முன்விரோதம் ஐயா? வரப்புத் தகராறா, பாகப்பிரிவினையா? ஸ்டேஷனில் ரைட்டர் எழுதும் சொல் அப்படியே உங்கள் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. நான் பார்த்தவரை அந்த 'முன்' என்பது முந்தின நாள் சாயங்காலம். பல நேரம் முந்தின பீரியட்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். 1998இல் வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் பக்கம் ஹாக்கிக்குப் பேர்போனது, உங்களுக்குத் தெரியும். இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிப் பையன். டவுனில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கரிசல் தரைதான். மழை பெய்தால் காலோடு அரைக் கிலோ மண் வரும். ஸ்டிக் மொத்தம் 14 இருந்தது. ஜூலையிலிருந்து 13.

அந்தப் பதினாலாவது ஸ்டிக்கின் கதையைத்தான் எழுத வந்தேன். பையனின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுத மாட்டேன்.

சாயங்காலப் பயிற்சி. பத்தாம் வகுப்புப் பையன்கள். பந்து வெளியே போய் எடுத்து வருகிற நேரத்தில் ஒருவன் இன்னொருவனை அவன் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். வேறு ஒன்றும் இல்லை, பேர் மட்டும்தான். கூப்பிடப்பட்டவன் திரும்பினான், ஸ்டிக் தோளுக்கு மேலே போயிற்று. நான் விசில் ஊதியது அவன் காதில் விழவில்லை. எதிரில் நின்றவனின் தலைக்கு நேராக இறங்கிய ஸ்டிக்கைக் கடைசி நொடியில் அவனே திருப்பித் தரையில் அடித்தான். இரண்டாகப் போனது. உண்மையைச் சொல்கிறேன், என் மனதில் முதலில் ஓடியது ஸ்டிக்கின் விலைதான். அப்புறம்தான் பையன்.

ஹாக்கியில் கிரீன் கார்டு காட்டினால் ஆட்டக்காரர் 2 நிமிஷம் வெளியே போய் நாற்காலியில் உட்கார வேண்டும். ரெக்கார்டு நோட்டு அட்டையை வெட்டிப் பச்சைத் தாள் ஒட்டிய கார்டு ஒன்று என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். காட்டினேன். நாற்காலிக்குப் பதில் எங்களுக்கு வேப்பமரம். பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன்.

"என்னலே ஆச்சு?"

"காண்டாயிட்டு சார்."

"காண்டுன்னா?"

"காண்டுதான் சார்."

இதற்கு மேல் போகாது. எந்தப் பையனிடமும் போகாது. பசித்தால் காண்டு, மார்க் குறைந்தால் காண்டு, பாட்டி செத்துப்போனால் காண்டு, பிடித்த பெண் பேசவில்லை என்றால் செம காண்டு. அவர்கள் பையில் இருப்பது ஒரே சொல். நான் உடம்பைப் பார்த்துப் பழகிய ஆள், அதனால் வேறு மாதிரி கேட்டேன். "அது எங்கலே இருக்கு? கையிலயா, வயித்துலயா, தொண்டையிலயா?" கொஞ்ச நேரம் யோசித்தான். கேள்வி அவனுக்குப் புதிது. "தொண்டையில சார்" என்றான்.

கோபம் தொண்டையை அடைக்காது ஐயா. அழுகைதான் அடைக்கும்.

அப்புறம் வந்தது விஷயம். முந்தின நாள் சாயங்காலம் அவன் அப்பா குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் வேட்டி விலகிக் கிடந்திருக்கிறார். வகுப்புப் பையன் ஒருவன் அதைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். ராத்திரி எட்டு மணிக்குள் வகுப்பு முழுக்கப் பார்த்தாயிற்று. இவனும் பார்த்திருக்கிறான். டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு போய், அப்பாவை நடுவில் உட்கார வைத்து, தம்பி பின்னால் பிடித்துக்கொள்ள, வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறான். அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்தாராம். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவன் காலையிலும் சாப்பிடவில்லை. இந்த நிலையில் ஒருவன் அப்பா பேரைச் சொன்னால் அவன் காதில் விழுவது பேர் அல்ல, 'நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன்' என்பது.

ஸ்டிக் அந்தப் பையனின் தலையில் இறங்கியிருந்தால் உங்கள் பக்கத்தில் மூன்று பத்திச் செய்தி வந்திருக்கும். முன்விரோதம் என்று.

அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பழைய ஆயுதம். நான் படித்த காலத்திலும் உண்டு. அந்த ஆயுதத்தைத் தீட்டிக் கொடுப்பது நாங்கள்தான் என்பதை இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் யோசித்தேன். உதவித்தொகை படிவம், வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம், எல்லாவற்றுக்கும் வகுப்பு நடுவில் நின்று, "உங்கப்பா பேர் என்னலே, சத்தமாச் சொல்லு" என்கிறோம். சாதிச் சான்றிதழ் யார் யார் இன்னும் கொடுக்கவில்லை என்று பட்டியலைச் சத்தமாக வாசிக்கிறோம். நாற்பது பேர் காதில் விழுகிறது.

எங்கள் பள்ளித் தமிழம்மாவிடம் இந்தக் 'காண்டு' கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சார், தொல்காப்பியரிடம் எட்டு இருந்தது. இவனுகளிடம் ஒண்ணுதான் மிச்சம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை என் பீரியடில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று சொல்லும் எட்டு உணர்வுகளையும் கரும்பலகையில் எழுதினார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இளிவரல் என்றதும் பின் பெஞ்சு முழுக்கப் பல்லை இளித்தது. இளிப்பு இல்லை, பிறர் முன்னால் சிறுத்துப்போவது என்று சொன்னதும் அடங்கிவிட்டது. வெகுளி என்றால் கோபம் என்றார். "வெகுளின்னா அப்பாவிதானே டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். கோபத்தைக் குறித்த அந்தச் சொல் இன்றைக்குச் சூதுவாது தெரியாதவனைக் குறிக்கிறது. எப்படி மாறியதோ, மொழி அறிந்தவர்கள் சொல்லட்டும். வெகுளி பிறக்க நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறதாம்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. குடிகோள் என்பது தன் வீட்டாருக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்ய வருவது. "அப்பா பேர் விவகாரம் அதில் வரும் சார்" என்றார் தமிழம்மா.

அப்புறம் பேர் எழுதாமல் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னார்: 'இந்த வாரம் எப்போது காண்டானாய்? அது இந்த எட்டில் எது?' வெகுளி நிறைய இருக்கும் என்று நினைத்தேன். அச்சம்தான் நிறைய இருந்தது. ஒரு சீட்டு இன்னும் என் டைரிக்குள் இருக்கிறது. எழுத்துப் பிழையோடு அப்படியே: 'ஆங்கில பிரியட்டில் வாசிக்க சொல்லும் போது. அச்சம்.' அதைப் படித்ததும் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. சில பையன்கள் குறிப்பிட்ட பீரியடில் மட்டும் பக்கத்தில் இருப்பவனை அடிப்பான். 'வெளியே போ' என்று ஆசிரியர் விரட்டுவார். அவனுக்கு வேண்டியதும் அதுதான். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது என்பது நாற்பது பேருக்குத் தெரிவதைவிட ரவுடி என்று பேர் வாங்குவது அவனுக்கு எளிது.

இதற்கு 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்று பேர். இரண்டு வருஷம் முன்பு ஒரு பயிற்சியில் நாள் முழுக்க ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் இதை வரையறுத்தார்களாம். தன் உணர்வும் பிறர் உணர்வும் இன்னதென்று அறிந்து அதை வைத்து நடந்துகொள்வது. நெற்றிக்குப் பின்னால், 'கொஞ்சம் பொறு' என்று சொல்கிற மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும் என்றும், உணர்வுக்குப் பேர் வைத்தாலே அதன் வேகம் குறைவதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது என்றும் சொன்னார்கள். எல்லாம் நல்ல விஷயம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிட்டோம். ஸ்லைடில் இருந்தது எனக்கு வேப்பமரத்தடியில்தான் விளங்கியது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அதற்கு முன் என் கையில் குச்சி இல்லாத நாள் கிடையாது. போன வருஷம் எட்டயபுரம் ரோட்டில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தேன். பரோட்டா மாஸ்டர் என் பழைய மாணவன். கேட்காமலே சால்னா ஊற்றிவிட்டு, "சார், என்னைய வேப்பங்குச்சியால அடிச்சீங்களே" என்றான். எதுக்குலே அடிச்சேன் என்றேன். "அது ஞாபகமில்ல சார். குச்சி ஒடிஞ்சது ஞாபகமிருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பரோட்டா இறங்கவில்லை. 'நாலு அடி போட்டால் சரியாயிடும், சட்டம் போட்டுக் கெடுத்துட்டாங்க' என்று இன்றைக்கும் ஆசிரியர் அறையில் பேசுகிறோம். அடித்த காலத்தில் சரியாகத்தான் இருந்ததா? அன்றைக்கும் அரிவாள் தூக்கினார்கள். ஸ்டேட்டஸ் மட்டும்தான் இல்லை.

நான் சொல்வதெல்லாம் ஒரு நொடியில் கை ஓங்குகிற பையன்களைப் பற்றி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது வேறு. உடன் படித்த மாணவனை இரவில் வீடு புகுந்து வெட்டியதும், தடுக்க வந்த தங்கையை வெட்டியதும் தொண்டையில் அடைத்த அழுகை அல்ல. அந்தச் சாதி வெறுப்பைப் பெரியவர்கள் வீட்டிலும் தெருவிலும் சோற்றோடு பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். அதைக் கிரீன் கார்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் கயிறு, நெற்றித் திலகம் பற்றிய பரிந்துரைகளை வைத்து டிவியில் எத்தனை நாள் சண்டை நடந்தது! அதே அறிக்கையில் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. 500 பேருக்கு மேல் படிக்கிற மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு விவாதமும் என் கண்ணில் படவில்லை. எங்கள் பள்ளியில் 640 பேர் படிக்கிறார்கள். நல அலுவலர் வேலையை இப்போது பார்ப்பது நானும் தமிழம்மாவும், சில நாள் சத்துணவு அமைப்பாளர் அக்காவும். யார் காலையில் சாப்பிடாமல் வந்தான் என்பது அந்த அக்காவுக்குத்தான் முதலில் தெரியும்.

(பெண் பிள்ளைகளிடமும் இது உண்டு. கையில் வராது, ஒருத்தியிடம் பத்துப் பேரும் பேசாமல் ஒதுக்கி வைப்பதில் வரும். அதை எழுத நான் சரியான ஆள் இல்லை. ஓர் ஆசிரியை எழுதினால் போடுங்கள்.)

என் குறை ஒன்று பாக்கி. பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் 2 பி.டி. பீரியட். அரையாண்டு நெருங்கினால் அது கணக்குக்குப் போகும், திருப்புதல் தேர்வு வந்தால் அறிவியலுக்குப் போகும். 'கடன்' என்று வாங்குவார்கள், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் அடித்துக்கொள்கிறான் என்றால் எப்படி? ஓடி, வியர்த்து, தோற்று, தோற்ற பிறகு எதிரணிக்காரன் கையைப் பிடித்துக் குலுக்குவதை அவன் வேறு எங்கே பழகுவான்? 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை பார்க்க 12 பேரை மதுரைக்குக் கூட்டிப்போனேன். கோல் விழுந்ததைவிட, கார்டு வாங்கிய ஆட்டக்காரர் ஒன்றும் பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்ததைத்தான் பஸ்ஸில் வரும்போது பேசிக்கொண்டு வந்தார்கள். "ஒரு வார்த்தை பேசலையே சார் அவன்!"

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி பேர், படம் போடக் கூடாது, நீங்கள் போடுவதும் இல்லை. நன்றி. கூடவே அந்த 'முன்விரோதம்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, முந்தின நாள் என்ன நடந்தது என்று உங்கள் நிருபரை அந்தப் பள்ளிப் பி.டி. மாஸ்டரிடமோ சத்துணவு அக்காவிடமோ ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வரி கூடும், அவ்வளவுதானே.

ஸ்டிக் உடைத்தவன் இப்போதும் லெப்ட் இன் இடத்தில் ஆடுகிறான். வீடியோ போட்டவனும் அதே அணியில்தான் இருக்கிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை, பந்து மட்டும் கொடுத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு ஆறாவது பீரியட் அவர்கள் வகுப்புக்கு பி.டி. கணக்கு சார் இன்று மதியமே கேட்டுவிட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்