இரண்டாம் பருவ நிறைவும் டாட்டிங் வீட்டுப்பாடமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பார்த்துக் கையெழுத்துப் போட்டு, பள்ளி திறக்கும் முதல் நாளிலேயே திருப்பி அனுப்புங்கள். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் ஓடினார்கள், குதித்தார்கள், பரிசும் வாங்கினார்கள். பேச்சுப் போட்டி, வினாடி வினா, அறிவியல் கண்காட்சி எல்லாம் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. அடைமழை நாள்களிலும் வருகை குறையவில்லை. பள்ளித் தோட்டத்தில் வெண்டை காய்க்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இனி டாட்டிங் என்ற லேஸ் வேலை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கைவேலைப் பாடவேளையில் ஊசி டாட்டிங் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். பையன்களும் சேர்ந்துதான் கற்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு லேஸ் புதிதில்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே அங்கே போனது. அது திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ். டாட்டிங் வேறு வகை, முழுக்க முடிச்சிலேயே உருவாவது. திண்டு வேண்டாம், சட்டம் வேண்டாம். ஓர் ஊசியும் ஒரு நூல் உருண்டையும் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தே போடலாம். அதனால்தான் தையல் டீச்சர் இதைத் தேர்ந்தெடுத்தார்.

வகுப்பில் பிள்ளை என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் ஏன் இதை இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன் என்பது புரியும்.

உருண்டையை அறுக்காமல் நூல் நுனியை ஊசியில் கோத்து, கொஞ்சம் நீளம் விட்டுக்கொள்ள வேண்டும். உருண்டைப் பக்கத்து நூலை இடது ஆட்காட்டி விரலில் சுற்றி, அந்தச் சுற்றை ஊசியில் ஏற்றினால் அரை முடிச்சு. எதிர்த்திசையில் சுற்றி இன்னொன்றை ஏற்றினால் ஒரு முழு முடிச்சு. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த முடிச்சைப் போட்டு, இரண்டையும் நெருக்கித் தள்ளினால் நடுவில் இருக்கும் நூல் வளைந்து எழும்பி நிற்கும். அதுதான் பிக்கோ. ஐந்து முடிச்சு, ஒரு பிக்கோ, மறுபடி ஐந்து என்று இருபது முடிச்சு வரை போட்டதும், மொத்தத்தையும் ஊசிக்காதைத் தாண்டிப் பின்னால் வரும் நூலுக்குத் தள்ள வேண்டும். நூலை இழுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு சின்னக் கண்ணி மிஞ்சும். அதற்குள் ஊசியை விட்டு இழுத்தால் வளையம் மூடிக்கொள்ளும்.

எழுதிவிட்டால் சுலபம். முதல் வாரத்தில் பாதிப் பேருக்கு வளையம் மூடவே இல்லை. பயந்து பயந்து முடிச்சை இறுக்கியிருப்பார்கள். அது காதைத் தாண்டாது. சிலர் இரண்டு அரை முடிச்சையும் ஒரே திசையில் போட்டு, வரிசை முழுக்க முறுக்கிக்கொண்டு திரும்பும். கண்ணீர் விட்டவர்களும் உண்டு. ஆனால் ஊசி டாட்டிங்கில் ஒரு சலுகை இருக்கிறது: முடிச்சு ஊசியில் இருக்கும்வரை தவறை உருவிப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். டாட்டிங்கை ஷட்டிலிலும் போடுவார்கள்; அது நூல் சுற்றி வைக்கும் சின்னப் படகு போன்ற கருவி. ஷட்டிலில் முடிச்சு ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தாவ வேண்டும். புதிதாகக் கற்பவர் பலர் அந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். ஊசியில் அந்தத் தொல்லை இல்லை. “ஊசியில் போடுவதெல்லாம் டாட்டிங்கா?” என்று ஓர் ஆச்சி கேட்டு அனுப்பியிருந்தார். 1917-லேயே ஓர் அமெரிக்க இதழில் கிழிசல் தைக்கும் ஊசியை வைத்து டாட்டிங் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஆச்சிக்கு மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கைக்குட்டை ஓரத்துக்காக ஒரு சாண் நீளம் போட்டு வரும்படி தேர்வுக்கு முன் வீட்டுப்பாடம் கொடுத்தோம். வந்தவை எல்லாம் அழகாக இருந்தன. அழகு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வியாழக்கிழமை வளையம் மூடத் தெரியாமல் நின்ற பிள்ளை, திங்கட்கிழமை ஒரே அளவுப் பிக்கோக்களோடு பூ வரிசை கொண்டுவந்தது. சில வேலைகள் ஷட்டிலில் போட்டவை. ஊசி டாட்டிங்கில் ஊசியின் பருமன் அளவுக்கு முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஷட்டில் வேலை இறுக்கமாக நிற்கும். தையல் டீச்சர் தொட்டதுமே சொல்லிவிடுவார். சில, கொக்கி ஊசியில் பின்னும் குரோஷா. ஒன்று மெஷின் லேஸ். அதில் கடையின் விலைச்சீட்டுகூட ஒட்டியிருந்தது.

இதில் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. நம் ஊர் அம்மச்சிமாருக்கும் ஆச்சிமாருக்கும் கைவேலை கைவந்த கலை. பேத்தி நூலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் “இங்கே கொண்டா” என்று வாங்கத்தான் தோன்றும். பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறதே என்று அம்மா உட்கார்ந்து முடித்துக் கொடுத்திருப்பார். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டதும் மற்றவர்களுக்குப் பதற்றம் வருவதும் இயல்புதான்.

இருந்தாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர் போட்ட லேஸைப் பிள்ளையின் பெயரில் அனுப்புவதை இந்தப் பள்ளி ஏற்காது. கணக்குத் தேர்வில் அப்பா வந்து எழுதினால் விடுவோமா? மூன்றாம் பருவத்திலிருந்து வீட்டில் செய்து வரும் டாட்டிங்குக்கு மதிப்பெண் கிடையாது. வகுப்பில், டீச்சர் கண்முன்னால், பிள்ளை தானே ஒரு வளையம் போட்டு மூட வேண்டும். பிக்கோ ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் பரவாயில்லை. முடிச்சு வரிசை முறுக்காமல் இருக்கிறதா, வளையம் மூடுகிறதா, தவறு வந்தால் பிள்ளை தானாக உருவிச் சரிசெய்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். இந்தப் பருவத்தில் வந்தவற்றுக்கு யாருக்கும் மதிப்பெண் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அதைப் பற்றிக் கேட்டு இரவு பத்து மணிக்கு மேல் டீச்சருக்குச் செய்தி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அவருக்கும் வீடு, குடும்பம் இருக்கிறது.

சாமான் விஷயத்திலும் ஒரு வார்த்தை. சிலர் மெல்லிய ஊசியும் பட்டு நூலும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். டாட்டிங் ஊசியில் எண் கூடக்கூடப் பருமன் குறையும். தொடக்கத்துக்கு 5-ஆம் எண் ஊசியும் 10-ஆம் எண் குரோஷா நூலும்தான் சரி. பட்டு வழுக்கிக்கொண்டு போகும், தவறும் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணத் தையல் ஊசி வேண்டவே வேண்டாம். டாட்டிங் ஊசி அடி முதல் காது வரை ஏறக்குறைய ஒரே பருமன், நுனியும் மொட்டை. வேண்டியது பள்ளியிலேயே இருக்கிறது, செலவு செய்யாதீர்கள். விடுமுறைக்கு முன் ஊசிகளை எண்ணி வாங்கி வைத்துவிட்டோம். எண்ணிக்கை கொஞ்சம் குறைகிறது. சோபா இடுக்கில் கிடந்தால் அனுப்பிவையுங்கள்.

அப்புறம், வீட்டில் உதவவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக உதவலாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் உங்கள் நூலில் போடுங்கள், பிள்ளை தன் நூலில் போடட்டும். “ரொம்ப இறுக்காதே” என்று வாயால் சொல்லுங்கள். பிள்ளையின் ஊசி மட்டும் பிள்ளை கையிலேயே இருக்கட்டும்.

கைவேலை தெரிந்த பெரியவர்களை வீணாக்கவும் எங்களுக்கு மனமில்லை. ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ஆச்சிமார், அம்மச்சிமார் யார் வந்தாலும் நாற்காலி போட்டு வைக்கிறோம். ஷட்டிலும் கொண்டு வரலாம், பிள்ளைகள் பார்க்கட்டும். பிப்ரவரி கண்காட்சியில் வீட்டுப் பழைய லேஸுக்கென்று தனி மேசை உண்டு. போட்டவர் பெயரை அதில் எழுதி வைப்போம், அவரவர் சொந்தப் பெயரையே.

மழையில் குடை பிடித்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்களுக்கும், நூல் உருண்டைகளை வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், முதல் வளையம் மூடிய அன்று வீட்டுக்கு வந்த கோணல் பூவைப் பார்த்து “நல்லா இருக்குடா” என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடுமுறைக்கு டாட்டிங் வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியை