பாட்டி தெளிவு, பேரன்கள் மங்கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் அதையே தொழிலாக்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கேமரா வாங்குங்கள், எடுத்த படங்களைப் பலர் கண்ணில் படும்படி வையுங்கள், வாய்ப்பு தேடி வரும் என்று எழுதியிருந்தார்கள். வரும்தான். வந்த பிறகு என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஆறு வருடமாகப் படம் எடுப்பதுதான் சோறு போடுகிறது.

முதன்முதலில் காசு வாங்கிக்கொண்டு எடுத்தது ஒரு குடும்பப் படம். பதினான்கு பேர், மூன்று வரிசை. முன்னால் நாற்காலியில் பாட்டி. அறை சற்று இருட்டு. என்னிடம் இருந்த 50 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, எஃப் 1.8 வரை திறக்கலாம். எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும், தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். பூவையும் பூனையையும் அப்படி எடுத்து, பின்னணி கரைந்துபோகும் அழகில் மயங்கிக் கிடந்த காலம் அது. இங்கேயும் அதையே வைத்தேன். பாட்டியின் கண்ணில் ஃபோகஸ். கேமராவின் சின்னத் திரையில் படம் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் சிரித்திருந்தார்கள், ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினேன். பாட்டியின் இமைமுடியை எண்ணலாம். கடைசி வரிசைப் பேரன்கள் ஐந்து பேருக்கும் மூக்கு எது, வாய் எது என்று தெரிந்ததோடு சரி.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது (பழைய தொழில், கை சும்மா இருக்காது). முழு அளவு சென்சார் (படம் பதியும் தகடு) உள்ள கேமராவில், அந்த லென்ஸோடு நான்கு மீட்டர் தள்ளி நின்று எஃப் 1.8ல் எடுத்தால் பாட்டிக்குப் பின்னால் சுமார் 40 செ.மீ. வரைதான் தெளிவு. பேரன்கள் நின்றதோ ஒரு மீட்டருக்கும் அப்பால். எஃப் 5.6 வைத்து நடு வரிசையில் ஃபோகஸ் செய்திருந்தால் மூன்று வரிசையும் அடங்கியிருக்கும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 400லிருந்து 4000க்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஃபிளாஷை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் மோதவிட வேண்டும். இயற்கை வெளிச்சத்தில் மட்டுமே எடுப்பேன் என்று அப்போது பெருமையடித்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு ஃபிளாஷ் போடத் தெரியாது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். இந்தப் பதினான்கு பேரும் இனி எப்போது ஒன்றுசேர்வார்கள் என்று கேட்டார்கள். என்ன சொல்ல?

பொழுதுபோக்கு என்றால் வெளிச்சம் சரியில்லாத நாளில் கேமராவை உறையில் போட்டுவிட்டு நாளைக்கு வரலாம். நூறு எடுத்து இரண்டு தேறினால் அந்த இரண்டை மட்டும் காட்டலாம். காசு வாங்கிவிட்டால் நேரமும் இடமும் அவர்களுடையவை, தேற வேண்டிய படம் எது என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

அதன்பின் ஒரு மாதம் எந்த வேலையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, வெள்ளைப் பீங்கான் கோப்பை. இவ்வளவுதான் பள்ளிக்கூடம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் துவைத்த துணி அழுக்குத் துணியாக வந்தது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்றரை ஸ்டாப் ஏற்றிய பிறகுதான் வெளுத்தது (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அப்புறம் ஃபிளாஷ். நேராக அடித்தால் கோப்பைக்குப் பின்னால் கத்தியால் வெட்டியது போல நிழல். பக்கத்துச் சுவரில் மோதவிட்டால் அதே நிழலின் விளிம்பு கரைந்தது. ஃபிளாஷை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைத்தால், கால் பங்காகிறது. படித்த விஷயம்தான், கண்ணால் பார்த்தபோதுதான் கைக்கு வந்தது. மாதம் முடியும்வரை அந்தக் கோப்பையில் குடிக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

கட்டுரையில் விட்டுப்போன இன்னும் சில. எத்தனை படம், என்று தருவோம், அட்வான்ஸ் எவ்வளவு என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், சொந்தக்காரர்களாக இருந்தால் கண்டிப்பாக. ஒரு மணி நேரம் எடுத்தால் மூன்று மணி நேரம் எடிட்டிங்கில் போகிறது, என் அனுபவத்தில். அதையும் கூலியில் சேர்க்காவிட்டால் கைக்காசுதான் கரையும். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமரா நல்லது. வேலையை விடுவதற்கு அவசரம் வேண்டாம். நான் இரண்டு வருடம் வாரக் கடைசிகளில் மட்டும் எடுத்த பிறகுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாரம்தோறும் வாசகர் எடுத்த படம் ஒன்றை வெளியிடுகிறீர்கள். அதன் கீழே லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ நான்கையும் ஒரு வரியில் போடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் எடுத்தவரிடம் கேட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. ‘அழகிய காலை’ என்ற தலைப்பைத் தூக்கிவிட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி