‘ரொமான்டிசைஸ்’ என்றால் காதலிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரப்பர் தோட்ட வாழ்க்கை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் தமிழுக்கு வரும்போது ‘ரொமான்டிசைஸ்’ என்ற வினைச்சொல் படாதபாடு படுகிறது. ‘தோட்ட வாழ்க்கையை ரொமான்டிசைஸ் செய்யாதீர்கள்’ என்ற வரி ‘தோட்ட வாழ்க்கையைக் காதலிக்காதீர்கள்’ என்று அச்சேறினால் எழுதியவரின் கருத்தே புரண்டுவிடும். பிறந்த மண்ணை நேசிப்பவர்களுக்கு வீணாக மனம் புண்படும்.

‘ரொமான்டிக்’ என்றதும் சினிமாவும் மலாய் ‘ரொமாந்திக்’கும் நமக்குக் காதலைத்தான் நினைவூட்டுகின்றன. ஆனால் ‘ரொமான்ஸ்’ என்பது பழைய பிரெஞ்சில் முதலில் மக்களின் பேச்சுமொழியைக் குறித்தது. அடுத்து, அம்மொழியில் எழுந்த வீரசாகசக் கதைகளைக் குறித்தது. காதல் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் எழுந்த கற்பனாவாத (‘ரொமான்டிக்’) இலக்கிய இயக்கமும் இயற்கையையும் உணர்ச்சியையும் கடந்த காலத்தையும் போற்றியது. நம் வினைச்சொல் அந்த வழியில் வந்தது: ஒன்றை உள்ளதைவிட அழகாக, கதைபோல ஆக்கிக் காட்டுவது. பெரும்பாலும் செயப்படுபொருளோடு வரும். வறுமையை, போரை, கிராமத்தை, பழைய நாட்களை. காதலர் இருவர் கொஞ்சிக்கொள்வதற்கு இது பொருந்தாது.

புகழ்ந்தாலே ரொமான்டிசைஸ் ஆகிவிடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விடியற்காலைப் பனி, மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சொட்டும் ரப்பர் பால், லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கோயில் திருவிழா எல்லாம் உண்மை. அவற்றை ஆசையாக எழுதுவதில் பிழை இல்லை. கூடவே இருந்ததை விட்டுவிடும்போதுதான் இந்தச் சொல் பொருந்துகிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால்தான் இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியிருந்தது. ஒருவர் பங்குக்கு முந்நூறு மரங்களுக்கு மேல். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, அன்றைய கூலியும் இல்லை. பனியை மட்டும் எழுதி இவற்றை மறைத்த கட்டுரையைத்தான் ஆங்கிலத்தில் அப்படிக் குறை சொல்கிறார்கள். இந்த நுட்பம் தமிழில் தொலையக்கூடாது.

பக்கத்துச் சொற்களும் வேறு வேறு. ‘ஐடியலைஸ்’ என்றால் குறையே இல்லாததாகக் கருதுவது. பெற்றோரையோ தலைவரையோ அப்படிக் கருதலாம். ‘கிளாமரைஸ்’ என்றால் பகட்டும் கவர்ச்சியும் ஏற்றுவது. குண்டர் கும்பலைக் காட்டும் படங்களுக்கு இதுவே சரி. ‘குளோரிஃபை’ என்றால் பெருமைக்குரியதாக உயர்த்துவது.

‘உன் வாழ்க்கையை ரொமான்டிசைஸ் செய்’ என்று டிக்டாக்கில் பரவிய வழக்கில் கண்டனம் இல்லை. காலைத் தேநீர் போன்ற சின்னச் சின்ன விஷயங்களை ரசித்து வாழச் சொல்கிறார்கள். அங்கே ‘ரசித்து வாழ்’ என்றே எழுதலாம்.

மற்ற இடங்களில் ‘கஷ்டத்தை மறைத்து அழகாக்காதீர்கள்’ என்றால் யாருக்கும் விளங்கும். பெயரடையாக ‘ரொமான்டிசைஸ்டு’ வந்தால் ‘மெருகேற்றிய சித்திரம்’ போதும். தலைப்பில் இடம் இல்லையா? ‘தோட்ட வாழ்வுக்குப் பூச்சு வேண்டாம்’ என்று போடுங்கள்; மூலத்தின் கண்டனமும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புத் துறை வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்