மார்ச் விடுமுறைக்குச் சமானா: மாதத்தைப் பார்த்துவிட்டு ஹோட்டலைப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "புன்ரா கானா போயாச்சு. கையில் ஹோட்டல் பட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு கிழமை ஹோட்டலுக்குள்ளேயே இருந்தாச்சு. அதே நாட்டில் கொஞ்சம் அமைதியான இடம், காடு மலை என்று பார்க்கிற மாதிரி ஏதும் இருக்கிறதா?" என்று இந்த வருடம் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது. டொமினிக்கன் குடியரசின் வடகிழக்கு மூலையில், கிழக்கே கடலுக்குள் நீண்டுகிடக்கும் சமானா குடாநாடு. தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறோம். ஆறுதலாக வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

சமானாவுக்குப் போகிறவர்கள் ஹோட்டலில் தொடங்கக் கூடாது, மாதத்தில் தொடங்க வேண்டும். புன்ரா கானாவில் எந்த மாதம் இறங்கினாலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். சமானாவில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை இருப்பது ஒரு ஊர், மிச்ச மாதங்களில் இருப்பது வேறு ஊர். காரணம் திமிங்கிலம்.

வட அத்திலாந்திக்கின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடை முழுவதும் குளிர்ந்த கடல்களில் வயிறு நிறையச் சாப்பிடுகின்றன. நியூபவுண்ட்லாந்து, செயின்ட் லோரன்ஸ் வளைகுடா, மேய்ன் வளைகுடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து எல்லாம் அவற்றின் மேய்ச்சல் இடங்கள். குளிர்காலம் வந்ததும் இணை சேரவும் குட்டி போடவும் டொமினிக்கன் கடலுக்கு இறங்குகின்றன. அதாவது, கோடையில் நம் கனடாவின் கிழக்குக் கரையில் மேய்ந்தவற்றில் சிலதான் பனிக்காலத்தில் சமானா விரிகுடாவுக்கு வருகின்றன. வால் துடுப்பின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கும். வடக்கே எடுத்த படத்தையும் தெற்கே எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, அதே திமிங்கிலம்தான் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்கிறார்கள். தெற்கே தங்கும் காலத்தில் பெரியவை சாப்பிடுவதே இல்லையென்று சொல்லலாம். தாய் தன் உடம்பில் சேர்த்த கொழுப்பிலேயே குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆண்கள் நீருக்கடியில் மணிக்கணக்காகப் பாடுகின்றன. சில படகுகளில் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைக் கேட்கவும் வைப்பார்கள்.

இந்தக் கடலில் 1986-லேயே திமிங்கிலங்களுக்கென்று ஒரு சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். வடக்கே உள்ள வெள்ளித் திட்டு (Silver Bank) என்ற ஆழமற்ற கடற்பகுதியில் தொடங்கியது, 1996-ல் சமானா விரிகுடாவின் வாய்ப்பகுதியையும் சேர்த்துக்கொண்டது. அதனால் படகுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி பெற்ற படகுதான் போகலாம். குட்டியோடு இருக்கும் தாயிடமிருந்து 80 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், மற்றவற்றிடமிருந்து 50 மீட்டர். ஒரு கூட்டத்தோடு அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. விரிகுடாவுக்குள் திமிங்கிலத்தோடு நீந்த அனுமதி இல்லை. கரையில் யாராவது "நான் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுகிறேன், விலையும் குறைவு" என்று வந்தால், தயவுசெய்து அந்தப் படகில் ஏறாதீர்கள். நாங்கள் பதிவு செய்வது அனுமதி உள்ள படகுகளை மட்டும்தான். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை வந்தாலும் பேரம் பேச மாட்டோம்.

ஒன்ராறியோவின் மார்ச் விடுமுறை சரியாக இந்தப் பருவத்துக்குள் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைவிட வசதி கிடையாது. பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் எங்கள் ஆலோசனை பெப்ரவரி. அந்த மாதத்தில்தான் அவை அதிகம். மார்ச் நடுவில் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் தாயும் குட்டியுமாகப் பார்க்கலாம்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. திமிங்கிலம் நிற்பது விரிகுடாவின் வாயில், அங்கே அலை உண்டு. ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே குமட்டலைத் தடுக்கும் கிரவோல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. பெரிய படகென்றால் நடுவில், பின்பக்கமாக இருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறும் என்பதால் நாங்கள் காலைப் படகைத்தான் எடுப்போம். கைபேசித் திரை வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் சீக்கிரம் வரும். முதலில் கண்ணால் பாருங்கள், அப்புறம் படம் எடுக்கலாம்.

"புன்ரா கானாவிலேயே தங்கி, ஒருநாள் மட்டும் சமானாவுக்குப் போய் வரலாமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. போகலாம், அப்படி ஒருநாள் சுற்றுலா விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் விற்பதில்லை. விடியுமுன் எழும்பி, பேருந்தில் மணிக்கணக்காக ஓடி, படகில் ஏறி, ஒரு திமிங்கிலத்தைக் கண்டும் காணாமலும் பார்த்து, தீவொன்றில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, வந்த வழியே திரும்புவதற்குள் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். ஐந்து இரவாவது குடாநாட்டிலேயே தங்குங்கள். முடியாதென்றால் இந்த முறை புன்ரா கானாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சமானாவை வேறொரு வருடத்துக்கு வையுங்கள்.

குடாநாட்டுக்குப் பக்கத்திலேயே எல் கத்தேய் என்ற சிறு விமான நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் கனடாவிலிருந்து நேரடி விமானங்கள் வருகின்றன, ஆனால் எந்தெந்த நாள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அது சரிவராவிட்டால் சான்ரோ டொமிங்கோவில் இறங்கிக் கட்டண நெடுஞ்சாலையில் வடக்கே வரலாம், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். 2008-ல் திறந்த பாதை அது. அதற்கு முன் இந்தப் பயணத்துக்கு அரை நாள் போய்விடும். வழியில் லோஸ் ஹைற்றிசெஸ் மலைகளின் ஓரத்தையும், யூனா ஆற்றின் கீழ்ப்புறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்களையும் பார்க்கலாம். டொமினிக்கன் நெல் நிறைய விளைவது இந்தப் பக்கம்தான்.

தங்க மூன்று இடம் சொல்வோம். லாஸ் ரெரெனாஸ் கொஞ்சம் கலகலப்பானது. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் வந்து குடியேறிய ஊர் என்பதால் நல்ல வெதுப்பகங்கள் உண்டு, கடைகள் உண்டு, சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு லேசு. சான்ரா பார்பரா தெ சமானா என்ற முழுப்பெயருடைய சமானா பட்டினம் துறைமுக ஊர், படகுகள் புறப்படுவது அங்கிருந்து. மூன்றாவது, குடாநாட்டின் கிழக்குக் கோடியில், பாதை கடலில் போய் முடிகிற லாஸ் கலேராஸ். அமைதி கேட்டவர்களுக்கு அதுதான் எங்கள் தெரிவு. அங்கே இரவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடைசிக் கடையும் நேரத்தோடு சாத்திவிடும். அது பிடிக்குமா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், முக்கியமாகப் பதின்ம வயதுப் பிள்ளைகளை.

லாஸ் கலேராஸிலிருந்து ரின்கோன் கடற்கரைக்குப் படகிலும் போகலாம், பாதையாலும் போகலாம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வெள்ளை மணல், பின்னால் முழுக்கத் தென்னை, பெரிய ஹோட்டல் ஒன்றும் இல்லை. அதன் மேற்கு முனையில் கான்யோ ஃப்ரியோ என்ற ஓடை கடலில் விழுகிறது. நல்ல தண்ணீர், குளிரென்றால் குளிர். உப்பு நீரில் நீந்திவிட்டு நேரே அதற்குள் இறங்கலாம். இன்னொரு பக்கம் ஃப்ரொன்ரோன் என்ற கடற்கரை செங்குத்துப் பாறைக்கு அடியில் கிடக்கிறது. படகில் அல்லது காட்டு வழியாக நடந்துதான் போக முடியும். கரீபியன் என்று சொல்லித்தான் நாங்களும் விற்கிறோம், ஆனால் குடாநாட்டின் வடகரையில் அடிப்பது அத்திலாந்திக் அலை. குளிர்காலத்தில் சில நாள் படகே ஓடாது. அதனால் கடற்கரைப் பயணத்துக்கு நாங்கள் ஒருநாளைக் குறித்துக் கட்டுவதில்லை, எது நல்ல நாளோ அன்று போவோம்.

விரிகுடாவின் தென்கரையில் இருக்கிறது லோஸ் ஹைற்றிசெஸ் தேசியப் பூங்கா. திமிங்கிலத்துக்கு அடுத்தபடி நாங்கள் கட்டாயம் என்று சொல்வது இதைத்தான். சுண்ணாம்புப் பாறை மழையில் கரைந்து கரைந்து நூற்றுக்கணக்கான மொட்டைக் குன்றுகளாக நிற்கிறது. மொட்டை என்பது வடிவத்துக்குத்தான், மேலே அடர்ந்த காடு. கடலுக்குள் தனியாக நிற்கும் பாறைத் தீவுகளில் கடற்கொள்ளைப் பறவைகளும் கூழைக்கடாக்களும் கூடும். படகு கண்டல் காட்டு வாய்க்கால்களுக்குள் நுழைந்ததும் ஓட்டுபவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிடுவார். வேர்களில் நண்டு ஊர்வதுகூடத் தெரியும். குகைகளில் கொலம்பசுக்கு முன் இங்கே வாழ்ந்த தைனோ மக்கள் கரியால் வரைந்த பறவைகளும் மனித உருவங்களும், பாறையில் செதுக்கிய முகங்களும் இருக்கின்றன. கை வைக்கக் கூடாது, ஒளி அடித்துப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பறவை பார்க்கிறவர்கள் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். ரிட்ஜ்வே பருந்து உலகத்தில் இந்த ஹிஸ்பானியோலா தீவில் மட்டும்தான் உண்டு. மற்ற இடங்களில் அழிந்து, கடைசியாக எஞ்சியிருந்தது லோஸ் ஹைற்றிசெஸ் காட்டில்தான். இப்போது அங்கிருந்து குஞ்சுகளை எடுத்து வேறு இடங்களிலும் வளர்த்து விடுகிறார்கள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றுலாப் படகு போதாது. தரைவழியாக, பறவை தெரிந்த வழிகாட்டியோடு, விடியற்காலையில் போக வேண்டும்.

எல் லிமோன் அருவியை எல்லோரும் கேட்கிறீர்கள். சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து பாசி படர்ந்த பாறையில் விழுகிறது, அடியில் நீந்தக் குளம். குதிரையில் கூட்டிப்போவார்கள். எங்கள் விருப்பம் நடப்பது. சேறும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில் பாரமான ஆளைச் சுமக்கும் குதிரையைப் பார்க்க நமக்கே ஒருமாதிரி இருக்கும். போகும்போது பழைய சப்பாத்தைப் போடுங்கள், திரும்பும்போது அதன் நிறம் தெரியாது. கடைசியில் படிகள் செங்குத்து. முழங்கால் நோ உள்ளவர்கள் இந்த ஒரு நாளை விட்டுவிட்டுக் கடற்கரையில் இருக்கலாம், நட்டமில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சமானாவின் தென்னைதான் அதன் சமையலும். மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தருவார்கள். மஞ்சளும் பச்சை மிளகாயும் இல்லாத நம் மீன் சொதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உறைப்பு அறவே இருக்காது, ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு. சைவக்காரருக்கும் வழி இருக்கிறது. பச்சைத் துவரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சோற்றோடு சேர்த்து ஆக்குவார்கள். பொரித்த வாழைக்காய், மரவள்ளி, அவகாடோ, காலையில் அவித்து மசித்த வாழைக்காய் எல்லாம் கிடைக்கும். ஆனால் அவரைக்கறியில் இறைச்சித் துண்டு போடுகிற வழக்கம் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சமானா பட்டினத்தில் வயதானவர்கள் சிலர் ஆங்கிலம் பேசினால் ஆச்சரியப்படாதீர்கள். 1824, 1825-ல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சுதந்திரக் கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அந்தக் காலத்தில் தீவு முழுவதையும் ஆண்ட ஹெய்ட்டியின் சனாதிபதி ஜான்-பியேர் போயே (Boyer) என்பவர் அழைத்து வந்தவை அந்தக் குடும்பங்கள்.

இனிக் காகித வேலை. கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. போகவும் வரவும் டொமினிக்கன் அரசின் மின்படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற இணையத்தளம் வந்தால் மூடிவிடுங்கள். நிரப்பி வரும் குறியீட்டைக் கைபேசியில் படமாக எடுத்து வையுங்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப்போக நினைப்பவர்கள், காசு கட்டுவதற்கு முன் எங்களோடு கதையுங்கள். செல்லுபடியான கனடிய விசாவோ நிரந்தர வதிவிட அட்டையோ இருந்தால் அங்கே நுழையலாம். ஆனால் அம்மா அப்பாவின் கனடிய விசா ஒருமுறை மட்டும் நுழைய விடுகிறதென்றால் திரும்பி வர முடியாமல் போய்விடும். இதை நாங்கள் ஒவ்வொரு கடவுச்சீட்டாகப் பார்த்த பிறகுதான் சீட்டு எடுப்போம்.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டு வைத்தியச் செலவில் மிகச் சிறு பங்குதான் தரும். பயணக் காப்புறுதி இல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டோம். நுளம்புத் தைலம் கட்டாயம், டெங்கு உள்ள நாடு. சின்னச் சின்ன மழைக்குக் குடையைவிட மெல்லிய மழைச் சட்டை நல்லது, குளிர்காலத்திலும் சமானாவில் மழை வரும், அதனால்தான் அவ்வளவு பச்சை. பெசோவாகக் கொஞ்சம் காசு கையில் இருக்கட்டும், லாஸ் கலேராஸில் அட்டையை மட்டும் நம்ப முடியாது. மின்செருகி நம்முடையதேதான்.

பயணத்திட்டம் போட எங்களுக்குத் தேவையானவை இவை: எத்தனை பேர், வயது, யாருக்கு எந்தக் கடவுச்சீட்டு, யார் சைவம், யாருக்கு நடக்கக் கஷ்டம், கலகலப்பா அமைதியா. வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும். மார்ச் விடுமுறை விமானச் சீட்டு வருடக் கடைசியில் விலை ஏறிவிடும், லாஸ் கலேராஸில் அறைகளும் குறைவு. தீபாவளிக்கு முன் சொல்லிவிட்டீர்களென்றால் நல்ல அறையாகப் பிடித்துத் தரலாம்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்கள்
ஸ்காபரோ