வெள்ளிக்கிழமை கிழித்த தாள்

மன்னார்குடி,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மூன்று மாதம் சோற்றையே தொடாமல், ராத்திரிக்கு ஏதோ பவுடரைக் கரைத்துக் குடித்து ஒன்பது கிலோ குறைத்தாய். அடுத்த ஆறு மாதத்தில் பதினொரு கிலோ ஏறிவிட்டது. "என் உடம்பே அப்படித்தாம்மா, இனிமே விட்டுட்டேன்" என்று நீ சொன்னபோது குரலே இறங்கிப் போயிருந்தது. இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் உடம்பு மட்டுமல்ல தம்பி, எல்லார் உடம்பும் அப்படித்தான். எடை குறையக் குறைய, பஞ்சம் வந்துவிட்டது போல உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார். பசியைத் தூண்டுகிற சுரப்பு கூடும், போதும் என்று சொல்கிற சுரப்பு குறையும். வருஷம் ஒன்று ஆனாலும் அது முழுதாகப் பழைய நிலைக்கு வராதாம். உடம்பு சிறுத்துவிட்டதால் அதற்கு வேண்டிய சாப்பாடும் முன்னைவிடக் குறைவு. அவசரமாகக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடுகிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு நீ பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஏறாமல் என்ன செய்யும்? இதில் உன் மன உறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்ய முடியாத ஒன்றை மூன்று மாதம் செய்தாய், அவ்வளவுதான்.

2018-ல் எனக்கு முட்டி வலி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நான் 78 கிலோ. மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும் என்றார் டாக்டரம்மா. அந்தக் கணக்கு என் மனசில் அப்படியே பதிந்துவிட்டது. ஒன்றரை வருஷத்தில் 66-க்கு வந்தேன். அன்றிலிருந்து 65-க்கும் 67-க்கும் நடுவில்தான் இருக்கிறேன். நான் பட்டினி கிடந்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் சாப்பிட்டேன், தீபாவளிக்கு அதிரசமும் சாப்பிட்டேன்.

முதலில் நான் விட்டது என்ன தெரியுமா? மிச்சம். நீங்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருக்கிற ஒரு கரண்டி சாதம், ஹாட்பாக்ஸில் கிடக்கிற கடைசி தோசை. வீணாகிவிடுமே என்று அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். அதைச் சாப்பாடு என்றே நான் நினைத்ததில்லை. டாக்டரம்மா ஒரு வாரம் எழுதி வைக்கச் சொன்னார். எழுதிப் பார்த்தால் தினமும் 200 கலோரியாவது அப்படிப் போயிருக்கிறது! ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரியாம். கணக்குப் போட்டுப் பார். அன்றிலிருந்து மீந்த சாதத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன், மறுநாள் காலை பலகாரத்துக்குப் பதில் அதுதான். மாவு மிஞ்சினால் ஃபிரிட்ஜில் போய்விடும்.

அடுத்தது எண்ணெய். கேனைச் சாய்த்துச் சட்டியில் ஊற்றுவதுதான் என் பழக்கம், அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று டாக்டரம்மா சொன்னதும், முதல் தேதி எங்கள் இரண்டு பேருக்கு ஒரு லிட்டரை பாட்டிலில் ஊற்றி, நாலு இடத்தில் நூல் கட்டினேன். ஒரு நூல் ஒரு வாரம். முதல் மாதம் பதினேழாம் தேதியே பாட்டில் காலி. கரண்டியை மாற்றி ஸ்பூனால் ஊற்றினேன், கத்தரிக்காயை முதலில் ஆவியில் வேக வைத்துவிட்டு அப்புறம் தாளித்தேன். நாலாவது மாதம் சரியாக வந்தது. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. நீ சோற்றை மட்டும் எதிரியாகப் பார்க்கிறாய், அதன் மேல் ஊற்றுவதைப் பார்ப்பதில்லை.

காபிச் சர்க்கரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் வீதம் குறைத்தேன். தட்டில் பொரியலும் கூட்டும் பருப்பும் முதலில், சாதம் கடைசியில். இவை இரண்டும் சுலபமாகவே வந்துவிட்டன.

நடை அப்படி வரவில்லை. முதல் வாரம் ஹரித்ராநதிக் குளத்தின் தென்கரையில் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த மாதம் தென்கரை முழுக்க. குளத்தை ஒரு சுற்று வர ஐந்து மாதம் ஆனது. இப்போது ராத்திரி சாப்பிட்டதும் அப்பாவும் கூட வருகிறார். சாப்பிட்டவுடன் கால் மணி நேரம் நடந்தால் அவருக்குச் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை. உன் பாட்டிக்குச் சர்க்கரை, அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கு இருக்கிற பயம் உன் எடையைப் பற்றி இல்லை தம்பி, இதைப் பற்றித்தான். சென்னையில் ஒரு ஆராய்ச்சி செய்து 2006-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை வருகிற விளிம்பில் இருந்த 531 பேரை இரண்டரை வருஷம் போலக் கவனித்தார்கள். அதில் நடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை வருவது 28 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவும் இல்லை. ஆகவே, முள் இறங்கவில்லை என்று நீ நடப்பதை நிறுத்தினால் நஷ்டம் உனக்குத்தான்.

எனக்கும் 69 கிலோவில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை. அழுகையே வந்தது. அந்த மூன்று மாதமும் செய்ததையே செய்துகொண்டிருந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. அப்புறம் தானாக இறங்கியது. உன் மாமா மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் போய் வந்ததும் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. அதில் பாதிக்கு மேல் உப்பும் மாவும் பிடித்து வைத்த தண்ணீர்தான், பத்து நாளில் போய்விட்டது. கூடினதைச் சரிக்கட்டப் பட்டினி கிடந்திருந்தால் நானும் உன்னைப் போலவே திரும்ப ஏறியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காபிக்கு முன்னால் எடை பார்ப்பேன். அன்று கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி, கரண்ட் பில் குத்துகிற கம்பியில் குத்திவிடுவேன். முதல் கம்பி நிறைந்து இரண்டாவதும் பாதிக்கு வந்துவிட்டது. 67-ஐத் தாண்டினால் அந்த வாரமே எண்ணெய் நூலைப் பார்ப்பேன். ஐந்து கிலோ ஏறின பிறகு பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

உனக்கு ராத்திரி வேலை. விடியற்காலை மூன்று மணிக்குப் பசிக்கும்போது போனில் பிரியாணி வரவழைக்கிறாய். இப்போதைக்கு அந்த ஒன்றை மட்டும் மாற்று. வேலைக்குக் கிளம்புமுன் கொண்டைக்கடலையை ஊறப் போடு, மறுநாள் உப்புப் போட்டுக் குக்கரில் வேக வைத்து டப்பாவில் எடுத்துப் போ. கூட இரண்டு அவித்த முட்டை. வாரத்தில் ஒரு நாள் பிரியாணி சாப்பிடு, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடு. பகலில் ஜன்னலை நன்றாக மூடிவிட்டு ஏழு மணி நேரம் தூங்கு. தூக்கம் கெட்டாலும் பசி கூடும். இது கைக்கு வர இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அதற்குள் இரண்டாவதைத் தொடாதே.

நாளைக்கு பார்சல் அனுப்புகிறேன். இட்லிப்பொடி, இரண்டு கிலோ கொண்டைக்கடலை, என் தையல் டேப் இருக்கும். தொப்புளைச் சுற்றி அளந்து பார், நம் ஆட்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். அடுத்த வருஷத்துக் காலண்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன், உனக்குக் கம்பி அங்கேயே கிடைக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் எடை பார்த்துவிட்டு ஒரு போன் பண்ணு. எத்தனை கிலோ என்று எனக்குச் சொல்லவேண்டாம், பார்த்துவிட்டேன் என்று சொன்னால் போதும். நானும் அந்த நேரத்தில்தான் தாளைக் கிழித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா