வேலிக்கு அந்தப் பக்கமும் தீர்த்தம் தெளியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கல்லறைத் திருநாளை முன்னிட்டு நீங்கள் போட்டிருந்த கட்டுரையில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களின் அடக்கம் பற்றி 'திருச்சபை மாறிவிட்டது' என்று ஒரு வரி. சட்டம் மாறியது, சரி. எங்கள் ஊரில் வேலி அதே இடத்தில்தான் நிற்கிறது.

1974-ல் எனக்கு ஒன்பது வயது. குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் குடியிருந்தோம். என் தாய்மாமா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். துக்கமணி அடிக்கவில்லை, அடக்கப் பூசையும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக் கம்பி வேலிக்கு வெளியே, சீகை மரத்தடியில் புதைத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும் அம்மாச்சி உள்ளே போக மாட்டார். கொட்டாங்குச்சிக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தி, முந்தானையால் காற்றை மறைத்து அங்கேயே நிற்பார். ஐப்பசித் தூறலில் திரி அணையும்; மறுபடி தீக்குச்சி. உள்ளே கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு சாமியார் வேலியோரம் வரும்போது மட்டும் முந்தானையை விலக்கிக்கொள்வார். ஒரு துளி தீர்த்தமாவது காற்றோடு இந்தப் பக்கம் விழாதா என்றுதான்.

அந்தச் சாமியாரைக் குறை சொல்லவில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், கடும் வேதனையும் பயமும் அவர்களின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. மாமாவுக்குப் பக்கத்தில் ஞானஸ்நானம் பெறாமல் போன இரண்டு பச்சைக் குழந்தைகளும் கிடக்கின்றன. அப்படிப்பட்ட குழந்தைகள் மோட்சமும் இல்லாத, நரக வேதனையும் இல்லாத 'லிம்போ'வில் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், அவர்களும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்று சொல்லிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பங்கில் ஒரு இளைஞன் மாமாவைப் போலவே இறந்தான். மணி அடித்தது, பெட்டி பீடத்துக்கு முன் வந்தது, பூசையும் நடந்தது. எனக்கு அழுகை அடங்கவில்லை. பாதி அவனுக்காக, பாதி அம்மாச்சிக்காக. பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்: "இவனுக்கெல்லாம் மோட்சம் உண்டா?" அதற்கு முந்தின மாதம் கந்துவட்டிக்காரர் ஒருவரை பேண்டு வாசித்து அடக்கம் செய்தபோது யாருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை.

படகர் தோழி வீட்டு இறப்புக்கு ஒருமுறை போயிருந்தேன். பெரியவர் ஒருவர், பாம்பைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது என்று இறந்தவர் பேரிலும் முன்னோர் பேரிலும் பாவங்களை வரிசையாகச் சொல்ல, கூடியிருந்தவர்கள் 'பாவம்' என்று திருப்பிச் சொன்னார்கள். 1,300 பாவமும் நீங்கட்டும் என்பது அவர்கள் வழக்கு. இறந்தவர் என்னென்ன செய்தார் என்று யாரும் தனியாக விசாரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அம்மாச்சி நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

வேலியைப் பிடுங்கச் சொல்லவில்லை. காட்டெருமை உள்ளே புகுந்துவிடும். இந்த வருஷம் மந்திரிக்கும்போது சாமியார் கேட்டைத் தாண்டி வெளியேயும் வர வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் பங்குப் பேரவையில் கேட்டதற்கு 'பார்க்கலாம்' என்றார்கள். கேட்டிலிருந்து அந்தச் சீகை மரத்துக்கு இருபது காலடி, நடந்து எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்